தாய்மாமன் மடி

கிஷனைக் கூப்பிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக எல்லாப் பழியையும் அவன் தலையில் போடத் தோன்றும். எனக்கே பல நாள் அப்படித் தோன்றியது.

கிஷன் என் மனைவி மாதவியின் அலுவலகத்தில் வக்கீல். பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிற சின்ன அலுவலகம் அது. மாதவி அங்கே ஆறு வருடமாகக் கிளார்க். போன தீபாவளி கழிந்து ஒரு நாள், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்:

"கிஷன் இருக்காருல்ல, எங்க ஆபீஸ்ல சேந்துட்டாரு."

காலண்டரில் தேதி சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் பெருங்காய டப்பாவைத் தேடினாள். எனக்கு அன்றைக்கு ரசம் இறங்கவில்லை.

கிஷன் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால், அவன் அம்மா அமுதவள்ளி தட்டும் பூவுமாக மாதவி வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தவர். பத்துக்கு நான்கு பொருத்தம்தான் இருக்கிறது என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது. அவன் மேல்படிப்புக்கு லண்டன் போனான். அதற்குப் பிறகு நான் போய் நின்றேன், எட்டுப் பொருத்தத்தோடு. கல்யாணமான புதிதில் என் மாமியாரே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஏழு வருடமாகியும் எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்றது ஜோசியர். மாதவி என்ன சொன்னாள்? அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் திருச்செல்வம், வயது முப்பத்தொன்பது. தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பன்னிரண்டு மணி நேர வேலை. முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது, தொப்பை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. கிஷனுக்கு இரண்டும் நேர்மாறு. போதாததற்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதுவும் போதாததற்கு அவனும் கிள்ளான்காரன், காலையும் மாலையும் மாதவி ஏறுகிற அதே கொமுட்டர் ரயில்.

ஒருநாள் எனக்கு ஓய்வு நாள். அவளை அழைத்துவர கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கிஷன் குடை பிடித்துக்கொண்டு வர, மாதவி அதன் கீழே எதற்கோ சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பாள். வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று கணக்குப் பார்த்தேன். காரில் ஏறியதும் கேட்டேன்.

"என்ன அவ்வளவு சிரிப்பு?"

"அது ஒண்ணுமில்லங்க. டிரெய்ன்ல ஒரு அங்கிள் தூங்கி விழுந்து, பக்கத்துல இருந்த சீனர் மேலயே சாஞ்சிட்டாரு. அந்தச் சீனரு அவர எழுப்ப மனசில்லாம, தான் எறங்க வேண்டிய எடத்தயும் விட்டு ரெண்டு ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டாரு பாவம்."

நான் சிரிக்கவில்லை. "இதுல என்ன இருக்கு?" என்றேன்.

எங்கள் மகள் வைஷ்ணவிக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. அவளும் என்னிடம் அவ்வளவாக ஒட்டமாட்டாள். நான் போகும்போது தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். ஓய்வு நாளில் தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு அம்மா பக்கம் சாய்வாள். பிளாஸ்டிக் வாடை என்று நானே சொல்லிக்கொள்வேன். நாலு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து தூக்கினாலும் அப்படித்தான் சாய்ந்தாள்.

வயது நான்கு ஆரம்பிப்பதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாதவி ஒற்றைப் பிள்ளை. பெரியப்பா மகன் ஒருவன் ஜொகூரில் இருக்கிறான், ஆனால் வீட்டுப் பங்கில் சண்டை வந்து பேச்சுவார்த்தை இல்லை. உடன்பிறந்தவன் இல்லாதவர்கள், நெருங்கிய ஒருவரை அண்ணனாகப் பாவித்து உட்கார வைப்பதுண்டு. அப்படி உட்கார்ந்தவன் அன்றோடு எழுந்து போய்விட முடியாது. சாகும்வரை அவன் அந்த வீட்டுக்கு மாமன்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான திட்டம் உதித்தது. வேலையிடத்தில், ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

கிஷனை உட்காரவைத்தால்? கோயிலில், ஊரறிய, என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் அவன் மாதவிக்கு அண்ணன். அவன் அம்மா பெண் கேட்டு வந்ததெல்லாம் அன்றோடு துடைத்துப் போய்விடும். அதற்குப் பிறகு ஒரே குடையில் வந்தாலும் அண்ணன் தங்கை, ரயில் முழுக்கச் சிரித்தாலும் அண்ணன் தங்கை. வக்கீலையே கட்டிப்போடப் போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மாதவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அடுத்த ஓய்வு நாளில் நேராக பிரிக்பீல்ட்ஸ் போனேன். மதிய நேரம். அவனுக்குப் போன் செய்து, கீழே இருக்கிற வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன்.

"என்னண்ணே திடீர்னு? மாதவி மேலதான் இருக்காங்க, கூப்பிடவா?" என்றான்.

"வேணாம் லா. உங்களப் பாக்கத்தான் வந்தேன். உக்காருங்க."

சோறு போட்டார்கள். அவன் சாம்பார் ஊற்றிப் பிசையத் தொடங்கியதும் விஷயத்தைச் சொன்னேன்.

"பாப்பாவுக்கு அடுத்த மாசம் காது குத்தறோம். மாதவிக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்கதான் தாய்மாமனா உக்காரணும்."

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது.

"நானா?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா?"

பிசைந்த சோற்றை இலையின் ஓரமாக ஒதுக்கினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "மாதவி சொன்னாங்களா?"

"அவதான் கேக்கச் சொன்னா. நேர்ல கேக்கக் கூச்சமா இருக்காம். அதான் நானே வந்தேன்."

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். அந்தப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அதைப் பார்க்கத்தான் நான் கிள்ளானிலிருந்து வந்திருந்தேன். ஆக, அவனுக்கும் மனதில் ஏதோ இருந்திருக்கிறது. என் சந்தேகம் வீண் இல்லை.

"சரிண்ணே," என்றான். "அவங்களே கேட்டிருக்காங்கன்னா, நான் செய்யறேன். முறையா செய்யறேன்."

பாதிச் சோற்றை வைத்துவிட்டு இலையை மடித்தான். எனக்கு நல்ல பசி. இன்னொரு தடவை சோறு வாங்கி, பாயசமும் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வந்தேன்.

மாலையில் மாதவி வந்ததும் சொன்னேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காது குத்துக்கு கிஷன் கிட்ட பேசிட்டேன். அவருதான் தாய்மாமனா உக்காரப் போறாரு."

மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களே போய்க் கேட்டிங்களா?"

"நானேதான். ஏன், உனக்கு இஷ்டமில்லையா?"

"அப்படியெல்லாம் இல்ல," என்றாள். "சரி."

துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. பார்த்தாயா என்றது என் மனம். அவனை அண்ணன் என்று கூப்பிடுவதற்கு அழுகிறாள். அன்றைக்குச் சாப்பிட்ட பாயசம் எனக்குள் கசந்தது.

கிஷன் முறையாகச் செய்கிறேன் என்று சொன்னதை நான் அவ்வளவு யோசிக்கவில்லை. அவன் யோசித்திருந்தான். அடுத்த ஞாயிறே காலையில் பசியாறும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"குழந்தைக்கு என் மடி பழகணும்ல அண்ணே. இல்லன்னா அன்னிக்குக் கத்தி ஊரக் கூட்டிரும்."

நியாயமான பேச்சு, மறுக்க முடியவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் ஓட்டினான். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகச் சொல்லி நிறுத்தினான். "பாடாங் ஜாவா! இறங்கறவங்க இறங்கலாம்!" அவள் இறங்கவே இல்லை. இரண்டாவது வாரம் வாசலில் கார் சத்தம் கேட்டதும் "மாமா!" என்று ஓடினாள். மூன்றாவது வாரம் ஒருநாள் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோதும் "மாமா?" என்று ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

மாதவியை அவனிடமிருந்து காப்பாற்றப் போய், பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. யாரிடம் சொல்வது? நானும் ஒருநாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரயில் ஓட்டிப் பார்த்தேன். "அப்பா தப்பு, மாமா மாதிரி இல்ல," என்று எழுந்து போனாள். பெற்ற மகள் மேலேயே கோபம் வந்தது. அதை நினைத்து வெட்கமும் வந்தது.

காது குத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில். அறுபது பேர் போல வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு நாதஸ்வரம் கேட்டது. நான் ஏற்பாடு செய்யவில்லையே என்று வாசலுக்கு ஓடினேன். கிஷன் ஏற்பாடு செய்திருக்கிறான். பட்டு வேட்டி, சட்டை. பின்னால் அவன் சொந்தக்காரர்கள் வரிசையாகத் தாய்மாமன் சீர் தூக்கி வந்தார்கள். மொத்தம் இருபத்தோரு தட்டு. பழம், இனிப்பு, பாவாடை சட்டை, வளையல், தங்கத் தோடு. சொந்த அண்ணன் தம்பிகள்கூட இந்தக் காலத்தில் பதினொன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

முன்னால் வந்த அமுதவள்ளி மாதவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மருமகளா வர வேண்டியவ. பரவால்ல, மகளா வந்துட்ட. இனிமே எங்க வீடுதான் உன் அம்மா வீடு," என்றார். எல்லோருக்கும் கேட்டது. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காது குத்துகிற பத்தர் வயதானவர், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகைப் பட்டறை வைத்திருப்பவர். பாயை விரித்து, சந்தனம், ஊசி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வெற்றிலைத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கிஷனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆள் கெடச்சிட்டாருபோல. நல்லது தம்பி. உங்க வீட்டுக்காரம்மா அன்னிக்குப் போன்ல கேட்டாங்க, எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல, கொழந்தைய அவ அப்பா மடியிலயே வெச்சுக் குத்தலாமான்னு. தாராளமாக் குத்தலாம்மா, பெத்த அப்பனுக்கு இல்லாத உரிமையான்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"எப்ப கேட்டாங்க?"

"அது இருக்கும் ரெண்டு மாசம்."

இரண்டு மாதம். நான் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பாயசம் குடித்தது ஐந்து வாரத்துக்கு முன்னால்.

அதற்குள் கிஷன் வந்து மணையில் உட்கார்ந்துவிட்டான். மாதவி பாப்பாவைத் தூக்கி வந்தாள். இப்போதுகூடச் சொல்லலாம். கிஷன், நீங்க எழுந்திரிங்க, நான் உக்காரறேன் என்று ஒரே ஒரு வாக்கியம். இருபத்தோரு தட்டுகளும் அறுபது பேரும் நாதஸ்வரமும் என்னைப் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். நான் சொன்ன பொய் சபைக்கு வரும். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மாதவி என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையைக் கிஷன் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, "புடிச்சுக்குங்கண்ணே," என்றாள். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கிஷன் தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் பாப்பாவின் நெற்றியில் கை வைத்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பத்தர் ஊசியை எடுத்தார்.

வைஷ்ணவி போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன். "அப்பாகிட்ட வா பாப்பா, வா." அவள் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கிஷனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மாமன விட மாட்டா இனிமே!" என்று யாரோ சொன்னார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்ப மதியம் ஆகிவிட்டது. கிஷன் விடைபெறும்போது என் கையைப் பிடித்து, "வரேன் மச்சான்," என்றான். அண்ணே போய் மச்சான் ஆகிவிட்டேன். முறைப்படி சரிதான்.

காரில் பாப்பா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். சிவந்த காதில் கிஷன் வாங்கிய தோடு. மாதவி முன்சீட்டில் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நிறுத்தியபோது கேட்டுவிட்டேன்.

"பத்தர் சொன்னாரு. நீ என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். பாப்பா உங்ககிட்ட ஒட்டமாட்டேங்கறா. வலிக்கறப்ப யார் புடிச்சிருக்காங்களோ அவங்களத்தான் கட்டிக்குவா. அது நீங்களா இருக்கட்டும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கிஷனக் கூப்பிட்டுட்டு வந்து நின்னீங்க. மூஞ்சில அவ்வளவு சந்தோஷம். பாப்பா பொறந்தப்பகூட உங்கள அப்படி நான் பாத்ததில்ல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். காரை எடுத்தேன்.

"மறுநாள் ஆபீஸ்ல கிஷன் வந்து, நீங்க கேட்டதா செல்வம் அண்ணன் சொன்னாரு, தேங்ஸ்னாரு," என்றாள். "நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"என் புருஷன் பொய் சொன்னாருன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஏழு வருடமாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். இனிமேல் பயப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

"அவனை உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சு," என்றாள், ஒளிக்காமல். "அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு. ஜாதகம் பொருந்தலன்னதும் ரெண்டு நாள் அழுதேன். அதோட முடிஞ்சிருச்சு. அப்புறம் நீங்க வந்தீங்க. நீங்க கேட்டிருந்தா கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருப்பேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த அஞ்சு வாரமா நான் அழறது அவருக்காக இல்லங்க."

மன்னிச்சிரு என்று சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் தலையசைத்தாளா இல்லையா என்பதும் தெரியவில்லை.

வீட்டுச் சந்தில் திரும்பும்போது கார் மேட்டில் ஏறி இறங்கியது. பாப்பா விழித்துக்கொண்டாள். காதைத் தொட்டுப் பார்த்து, வலியில் முகம் கோணி, சுற்றும் முற்றும் தேடினாள்.

"மாமா எங்க?"

மாதவி திரும்பவில்லை. பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று விட்டுவிட்டாள். காரை நிறுத்தினேன். பின்னால் திரும்பி என் மகளைப் பார்த்தேன். உதடு துடித்துக்கொண்டிருந்தது, இன்னொரு நொடியில் அழுதுவிடுவாள்.

"மாமா வீட்டுக்குப் போயிருக்காரு பாப்பா," என்றேன். "நாளைக்கு வருவாரு. அப்பா வரச் சொல்றேன்."